சூடேறினால் நின்றுபோகும் பழைய கார்: எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இருக்காது. அப்புறம் சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காது, இரண்டு ஜெர்க் கொடுக்கும், அணைந்துவிடும். அரை மணி நேரம் ஓரம்கட்டி வைத்தால் மறுபடி ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்பரேட்டர் வைத்த மாருதி 800 எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு.

சேலத்தில் இந்த மாதிரி வண்டிகளைத்தான் நான் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருவதற்கு முன்பே பல வண்டிகளில் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். கிட் புதிது, பிளக் புதிது, சில வண்டிகளில் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் உண்டாக்கும் காயில்கூடப் புதிது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். வண்டி ஆறின பிறகு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பார்த்ததுதான் காரணம். ஆறின இஞ்சினில் அந்தக் கோளாறே இல்லை. இல்லாத ஒன்றை எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. வண்டி நின்ற முதல் ஐந்து நிமிஷம்தான் பரிசோதனைக்கான நேரம். அந்த நேரத்தில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது: பிளக்குக்குக் கரண்ட் வரவில்லையா, கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லையா?

அதற்கு டிக்கியில் சில சாமான் இருக்க வேண்டும். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பிளக், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த நீளமான வயர் ஒன்று, ரப்பர் பிடி போட்ட கொறடு, திருப்புளி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், உதிரியாக ஒரு கண்டென்சர் (பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன கெப்பாசிட்டர்), மூடி உள்ள சின்ன பாட்டில், பழைய துணி, இரண்டு லிட்டர் தண்ணீர். தீயணைப்பான் கட்டாயம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றப் போகிறோம், அதனால் இதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இடத்தில் பீடி, சிகரெட் பிடிப்பவர் யாராவது நின்றால் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். அது வழக்கமான இடத்தைத் தாண்டியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், மாருதியாக இருந்தால் எலெக்ட்ரிக் ஃபேன் சுவிட்ச், இவற்றைச் சரிசெய்யுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முள் சரியான இடத்தில் இருந்தும் வண்டி நிற்கிறதென்றால் மேலே படியுங்கள்.

எப்படி நின்றது?

வண்டி நிற்கிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஓட்டுகிறவர் இதைத்தான் கவனிக்க வேண்டும், மெக்கானிக்கிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும். "அப்பப்ப ஆஃப் ஆகுதுண்ணே" என்று மட்டும் சொன்னால் போதாது.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சின், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் அநேகமாகக் கரண்ட் கோளாறு. வாங்கி வாங்கி இழுத்து, வேகம் குறைந்து, பெடலை இரண்டு மூன்று முறை மிதித்தால் கொஞ்சம் உயிர் வந்து, அப்புறம் அணைந்தால் பெட்ரோல் வரத்துக் குறைவு. புகை கறுப்பாக வந்து, பெட்ரோல் வாடை அடித்து, மூச்சுமுட்டின மாதிரி நின்றால் பெட்ரோல் அதிகம். ரோட்டில் நன்றாக ஓடி, ஐடிலிங்கில் மட்டும் நின்றால் அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

கரண்ட் பக்கம்

வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) போகும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து உருவுங்கள். அதன் முனையைப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இஞ்சினின் சுத்தமான இரும்பைத் தொடுகிற மாதிரி வையுங்கள். பெட்ரோல் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், வெறுங்கையாலும் பிடிக்க வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு பொறி வந்தால் காயில் வரைக்கும் குறையில்லை. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தாலோ வரவே இல்லை என்றாலோ கோளாறு பிடிபட்டுவிட்டது. இனி எந்த இடம் என்பதுதான்.

டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் முனையைத் தொடுங்கள். லேம்ப் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் காயிலுக்கே கரண்ட் வரவில்லை. பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து கிளிப் வயரை நேராகக் காயிலின் இந்த முனைக்குக் கொடுத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். வண்டி ஓடினால் தேய்ந்துபோன இக்னிஷன் சுவிட்ச் அல்லது இடையில் தளர்ந்த ஒரு கனெக்‌ஷன்தான் காரணம். இப்படி நேர் வயர் கொடுத்தால் சாவியைத் திருப்பினாலும் இஞ்சின் அணையாது, வயரை எடுத்தால்தான் அணையும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது) வைத்த வண்டியில் இந்தச் சோதனையைச் சில விநாடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த முனையில் லேம்ப் எரிந்தால், காயிலிலிருந்து பாயிண்டுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் தொடுமுனை) போகும் மறுமுனையைத் தொட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லேம்ப் விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதற்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்த வயர் எங்கோ உடம்பில் தொட்டு எர்த் ஆகிறது, கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது, இவற்றில் ஒன்று. ஒழுங்காக மின்னி மின்னி எரிந்தும் பொறி இல்லையென்றால் மிச்சமிருப்பது காயிலும் கண்டென்சரும்தான்.

சூட்டில் முதலில் கைவிடுவது கண்டென்சர். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பழைய கண்டென்சரின் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, உதிரியின் உடம்பை இஞ்சினில் எர்த் செய்து, வயரைக் காயிலின் பாயிண்ட் பக்க முனையில் கிளிப் போட்டால் போதும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பொறி திரும்பினால் விஷயம் முடிந்தது. பாயிண்டின் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தாலும் கண்டென்சர் மேல் சந்தேகம் வைக்கலாம். அதன் அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். புதிதாக வாங்கும்போதே மல்ட்டிமீட்டரில் அளந்து வாங்குங்கள், இப்போது கடையில் கிடைப்பதில் தரம் குறைந்தவை நிறைய.

காயிலைத் தொட்டுப் பார்த்து "சுடுது, போயிடுச்சு" என்று சொல்வது தவறு. நல்ல காயிலும் சுடத்தான் செய்யும். பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று சுமார் 3 ஓம் காட்டும். சூடான செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறும். அதனால் சூட்டில் 3.5 ஓம் காட்டினால் பயப்பட வேண்டாம். மீட்டர் ஓப்பன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது, என்று காட்டினால்தான் காயில் போய்விட்டது. உள் இன்சுலேஷன் சூட்டில் மட்டும் உடைவதை மீட்டர் காட்டாது. அதற்கு நனைத்துப் பிழிந்த துணியைக் காயிலின் உடம்பில், முனைகளில் படாமல், சுற்றிக் காத்திருந்து மறுபடி பொறி பாருங்கள். குளிர்ந்ததும் பொறி வந்தால் காயிலை மாற்றுங்கள்.

இதிலும் பிடிபடாத ஒரு கோளாறு உண்டு. ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது நான்காவது கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே முரண்டு பிடிக்கும் ஒரு அம்பாசடர் என்னிடம் வந்தது. காயில், கண்டென்சர், பாயிண்ட் எல்லாம் புதிது. பாயிண்ட் இடைவெளியும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொன்ன 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் சரியாக இருந்தது. இஞ்சினைச் சூடாக்கி அணைத்து, பாயிண்ட் மூடியிருக்கிற நிலையில் வைத்து, சாவியை ஆன் செய்து, காயிலின் பாயிண்ட் பக்க முனையில் லேம்பைப் பிடித்தேன். எரியவில்லை, அதாவது எர்த் சரி. இஞ்சினின் உறிஞ்சலால் பொறி நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் மாட்டியிருக்கும் தட்டு லேசாகத் திரும்பியது, லேம்ப் எரிந்துவிட்டது. விட்டால் அணைகிறது, உறிஞ்சினால் எரிகிறது. வெளியிலிருந்து பாயிண்டுக்கு வரும் சின்ன வயரை வெளியே எடுத்து விரலால் மடக்கிப் பார்த்தபோது நடுவில் ஒரு இடம் மட்டும் துவண்டு மடங்கியது. உறையைக் கீறினால் உள்ளே இழைகள் எல்லாம் முறிந்து, ஒன்றோடொன்று சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. ஆறியிருக்கும்போது உறை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. சூட்டில் உறை இளகி, தட்டு திரும்பும்போதெல்லாம் இழைகள் விலகின. கை நீள வயர்கூட இல்லை, அதற்காகக் காயிலிலிருந்து கார்பரேட்டர் வரை மாற்றியிருந்தார்கள். இந்த வயரை மாற்றும்போது மெல்லிய இழைகள் கொண்ட வளைகிற வயராகப் போடுங்கள். வீட்டு வயரிங்கில் மிச்சமான கம்பி ஆகாது, தட்டு ஆடுகிற ஆட்டத்தில் மறுபடி முறியும்.

உறிஞ்சும்போது தட்டு அசையவே இல்லையென்றால் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதுவும் பிக்கப் குறைய ஒரு காரணம். காயிலில் பொறி நன்றாக இருந்து பிளக்கில் வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் பாருங்கள். மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் பக்கம்

பொறி நீலமாக இருக்கிறது, வண்டி ஓடவில்லை. இப்போது வேறெதையும் தொடுவதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துளையே இல்லாத வேறு வண்டி மூடியைப் போட்டு, மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காசு செலவில்லாத சோதனை இது, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்தது வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. நம் ஊர் டிரைவர்கள் ஏர் லாக் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்ப் இஞ்சினிலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, இஞ்சின் சூடு முழுவதும் அதில் ஏறும். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாயை லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஏறும்போது நிற்கிற வண்டிக்கு அநேகமாக இதுதான். நனைத்த துணியைப் பம்ப்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் போட்டு, தண்ணீர் ஊற்றி, சில நிமிஷம் பொறுங்கள். ஸ்டார்ட் ஆனால் நோய் உறுதி.

ஆனால் ஈரத்துணி மருந்தாகாது. அதைக் கட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நல்ல நிலையில் உள்ள வண்டி அந்தக் காலத்தில் இதே வெயிலில் ஓடியதுதான். இப்போது நிற்கிறதென்றால் ஏதோ மாறியிருக்கிறது. எக்ஸாஸ்டை ஒட்டிப் போகும்படி யாராவது குழாயை மாற்றி வளைத்திருக்கலாம். பம்ப்புக்கு முன்னால் உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்து, பெட்ரோலோடு காற்றையும் இழுக்கலாம். இந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெளியே சொட்டுக்கூடக் கசியாது, ஹோஸை மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். வெப்பம் தடுக்கும் தகடு, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த பேக்கலைட் கட்டை, இவற்றைக் கழற்றின யாரோ திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம்.

பம்ப்பின் பலத்தைப் பார்க்க இஞ்சின் சற்று ஆறட்டும். காயிலின் தடித்த வயரை உருவி, பொறி பறக்காதபடி எர்த் செய்துவையுங்கள். கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு அமுக்கத்துக்கும் பெட்ரோல் பீச்சி அடிக்க வேண்டும். சொட்டு சொட்டாகவோ குமிழ் குமிழாகவோ வந்தால் ஃபில்டர், டேங்கின் உள்வலை, ஹோஸ், பம்ப் டயஃப்ரம் என்று பின்னோக்கிப் போங்கள். ஆயில் குச்சியை உருவி முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கலாம். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள், பம்ப்பைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றுங்கள்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் ஊற்றுவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த அதைத்தான். சுத்தமான பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று கணக்கு. இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) பழைய கணக்குக்கே பெட்ரோலை விடுவதால் கலவை மெலிகிறது. சோக் போட்டிருக்கும் வரை தெரியாது. சூடாகி சோக்கை உள்ளே தள்ளியதும் மிதிக்கும்போதெல்லாம் வண்டி தயங்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மூக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிவு. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கலாம். அதற்கு முன்பே பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி, உப்பி, உதிர்ந்து அந்தத் துகளே ஜெட்டை அடைக்கிறது.

தயக்கம் மட்டும்தான், நிற்பதில்லை என்றால் ஏர் கிளீனரைக் கழற்றி, இஞ்சின் அணைந்திருக்கும்போது கார்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியை இழுங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சல் உடனே வர வேண்டும். தாமதமாக வந்தாலோ வராவிட்டாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது.

பெட்ரோல் அதிகமாகி நிற்பதும் உண்டு

ஓடின வண்டியை டீ குடிக்க நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஓடும்போது ஃபேன் காற்றும் புதுப் பெட்ரோலும் கார்பரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. நிறுத்தியதும் இஞ்சின் சூடு மேலேறி, கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடுகிறது. இந்த நேரத்தில் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் மோசமாகும். சோக்கைத் தொடாமல், பெடலை ஒரே மிதியாகத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இஞ்சின் பிடித்ததும் காலை எடுங்கள்.

சோக் கேபிளை உள்ளே தள்ளிவிட்டோம் என்பதால் சோக் தட்டு திறந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். துரு ஏறிய கேபிள் பாதியிலேயே நிற்கும். ஏர் கிளீனரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், தட்டு நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். பிளக்கில் கறுப்புக் கரி படிந்து, சூடானதும் மூச்சுமுட்டுகிற வண்டிகளில் இது அடிக்கடி அகப்படும். அடுத்த சந்தேகம், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருப்பது.

ஐடிலிங்கில் மட்டும் நிற்பது

கார்பரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட், பேக்கலைட் கட்டை, மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் இருந்தால் அது, இவற்றில் எங்காவது காற்று இழுக்கும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ பீச்சிப் பார்க்கச் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு மேல் அதைச் செய்யாதீர்கள். ஓடும் இஞ்சினில் அந்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே போகும்போது இஞ்சின் ஓட்டம் மாறும், இரைச்சல் ஒரு கணம் அடங்கும். கார்பரேட்டர் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் அடிப்பகுதி வளைந்துவிடும், அப்புறம் எந்த கேஸ்கெட்டும் நிற்காது.

இன்னொன்று டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் பாகத்துக்கு விட வேண்டிய இடைவெளி. டேப்பட் சத்தமே இல்லாத பழைய இஞ்சினைப் பார்த்தால் உரிமையாளருக்குச் சந்தோஷம், எனக்குக் கவலை. இடைவெளி மிகக் குறைந்துவிட்டால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் கசியும். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, சூடானால் ஐடிலிங் இறங்கி நின்றால், கம்ப்ரெஷனை ஆறியபோதும் சூட்டிலும் அளந்து பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் சூட்டில் விழுந்தால் அந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு டேப்பட்டை வைக்க வேண்டும். அப்படியே ஓட்டினால் வால்வு எரிந்துவிடும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த வண்டியில் பாயிண்டும் கண்டென்சரும் கிடையாது, அந்த இடத்தில் பிக்கப் காயிலையும் மாட்யூலையும் சந்தேகப்படுங்கள், எர்த் வயரையும் சுத்தம் செய்யுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்தது) சூட்டில் நின்று ஆறினால் ஓடுவது பெரும்பாலும் சென்சாரோ பெட்ரோல் பம்ப் ரிலேயோதான். அங்கேயும் நின்ற அந்த நிமிஷத்தில் பொறி இருக்கிறதா, பம்ப் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள், கழற்றியதைத் தூக்கி எறியாமல் பேர் எழுதி வையுங்கள். சரியானதா என்று காலைக் குளிரில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மத்தியான வெயிலில், முன்பு எந்த ரோட்டில் நின்றதோ அதே ரோட்டில் அதே சுமையோடு ஓட்டுங்கள். திரும்பி வந்து பானெட்டை மூடியபடியே பத்து நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். அணைத்து, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்து உடனே கிளம்புங்கள். அதிலும் ஜெர்க் இல்லாமல் ஓடினால் வெளியூர் போகலாம்.